வியாழக்கிழமைப் படகு

வுனிகாவிகா,
கந்தாவுத் தீவு.
திங்கட்கிழமை

நெமானியின் அப்பாவுக்கு,

அந்த மணல்காட்டில் உங்களையும் உங்களோடு பட்டாளக் காவல் நிற்கும் நம் ஊர்ப் பிள்ளைகளையும் ஆண்டவர் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். அப்படி எழுதினால் பொய்யாகிவிடும்.

போன வாரம் நீங்கள் கூப்பிட்டபோது நான் சரியாகவே பேசவில்லை என்று வருத்தப்பட்டிருப்பீர்கள். பள்ளிக்கூடத்துக்கு மேலே அந்த மேட்டில்தான் போன் எடுக்கிறது. அன்றைக்கு உங்கள் அக்கா வாசிதி பின்னாலேயே வந்து, காற்று வாங்குகிறேன் என்று உட்கார்ந்துகொண்டாள். நான் என்ன பேச முடியும்? பக்கத்து ஊர் வில்லியாமே உங்கள் முகாமுக்குக் கிளம்புகிறான். இங்கிருந்து நான் உங்களைக் கூப்பிட முடியாதே, அவன் கையில் கொடுத்தனுப்பத்தான் இப்போது எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் படுத்தாயிற்று. நெமானியும் ஒருவழியாகத் தூங்கினான்.

சுமின்ட்ராவை உங்களுக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து படகில் வந்து பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், லம்பாசாவில் கரும்பு போடுகிற குடும்பம். வியாழக்கிழமைதோறும் ஊர் மண்டபத்தில் நம்மவனோடு இன்னும் நாலு பிள்ளைகள் வருகிறார்கள். அக்கரை ஊர் அசேனாவின் மகளுக்குக் கால் இரண்டும் விறைத்திருந்ததே, அவள் இப்போது கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நம்மவன் இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்து அதன்மேல் கொண்டுபோய் வைக்கிறான். இதுவரை என்னிடமும் சுமின்ட்ராவிடமும் மட்டும்தான். சிரிக்காதீர்கள், அதுதான் அவன் பேச்சு என்கிறாள் அவள். இதற்கே எட்டு மாதம் பிடித்தது.

போன வியாழக்கிழமை மண்டபத்துக்குப் பக்கத்தில் பையன்கள் தேவாலயக் கூரைக்குத் தகரம் வெட்டினார்கள். அந்தச் சத்தம் அவனுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு கத்தினான், பிறகு தூணில் தலையை மோத ஆரம்பித்தான். நான் ஓடி வருவதற்குள் சுமின்ட்ரா அவனைப் பின்னாலிருந்து அணைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் தலையை அழுத்திப் பிடித்தாள். நம் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பல தடவை அப்படிச் செய்திருக்கிறாள். அப்படிப் பிடித்தால் அவன் அடங்கிவிடுவான், அன்றைக்கும் அடங்கினான். நிமிர்ந்து பார்க்கிறேன், வாசலில் மாமா, குலத்துக்கே பெரியவரான உங்கள் அப்பா, நிற்கிறார்.

தலை நமக்குப் புனிதம், அடுத்தவர் தொடக் கூடாது; நம் ஊருக்குள் தொப்பி போட்டுக்கொண்டு நடக்கக்கூட விடமாட்டார்கள். உங்கள் தாத்தாவின் பெயரைச் சுமக்கிற தலையை, வெளியிலிருந்து வந்த ஒருத்தி இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், அதுவும் ஊரே பார்க்க. அவளும் இந்த நாட்டில் பிறந்தவள்தான், தெரியாதவள் இல்லை. பிள்ளை மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில் அதையெல்லாம் யார் நினைப்பார்கள்?

மாமா அப்படியே திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம் ஊர்த் தலைவரை அனுப்பினார். மண்டபம் நிற்பது நம் குலத்து மண், அந்தப் பெண் இனி அதில் கால் வைக்க வேண்டாம் என்று செய்தி.

வாசிதிக்குக் கேட்கவா வேண்டும்? கிணற்றடியில் நான் இருப்பது தெரிந்தே, 'சுவாவுல பட்டம் வாங்கின மகாராணிக்கு நம்ம வழக்கம் எங்க புரியும்? அவ புத்தகத்துல தலையும் தேங்காயும் ஒண்ணுன்னு போட்டிருக்கும்' என்று சுமின்ட்ராவைச் சொல்கிறாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அசேனா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்து, 'உங்க வீட்டு விவகாரத்துக்கு எம்பொண்ணு ஏன்டி மறுபடி தவழணும்?' என்று கேட்டாள்.

மேட்டிலிருந்து சுமின்ட்ராவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். வருகிற வியாழன், சடங்குகளில் கரைத்துக் குடிக்கிற யாங்கோனா வேர்க்கட்டு எடுத்துக்கொண்டு வந்து, முறைப்படி மாமா முன்னால் வைத்து மன்னிப்புக் கேட்கப் போகிறாளாம். மன்னிப்புக் கேட்க வருகிறவர்களை மட்டும் யாரும் தடுக்க முடியாது. மாமா அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டால் சரி. தொடாமல் விட்டுவிட்டால்? இந்தக் கரையில் வேறு எந்த ஊரும் அவளை இறங்க விடாது. ஆஸ்பத்திரியும் அவளை வேறு தீவுக்கு மாற்றிவிடும். நெமானிக்கு வருகிற வருஷம் பள்ளிக்கூடம். அவளில்லாமல் அவனை எந்த வாத்தியார் வகுப்பில் வைத்துக்கொள்வார்?

மருமகள் மாமனாரிடம் நேரில் பேசுகிற வழக்கம் நமக்கு இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சாப்பிடும்போது வாசலோரம் உட்கார்ந்து தட்டை நகர்த்தி வைத்திருக்கிறேனே தவிர, முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நீங்கள் மூத்த மகன், உங்கள் சொல்லுக்கு எடை இருக்கிறது. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் வியாழன் கடந்துவிடும் என்று தெரியும். ஆனாலும் கையில் கிடைத்த நிமிஷமே மாமாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கூரையைப் பற்றியும் படகு இயந்திரத்தைப் பற்றியும் பிறகு கேட்கலாம். அவனைப் பற்றிப் பேசுங்கள்.

உங்கள்
ரேயாபி


வுனிகாவிகா,
சனிக்கிழமை

நெமானியின் அப்பாவுக்கு,

வில்லியாமேயின் பயணம் தள்ளிப்போய்விட்டது. முதல் கடிதம் இன்னும் அவன் பையில்தான் கிடக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே படிப்பீர்கள். அதை முதலில் படியுங்கள்.

வியாழன் காலையில் கடல் கொந்தளிப்பாக இருந்தது. படகு வராமலே போய்விட்டால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். வந்தது. சுமின்ட்ரா முழுக்க நனைந்திருந்தாள், வேர்க்கட்டை மட்டும் பிளாஸ்டிக்கில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

அவளுக்காகப் பேச ஆள் வேண்டுமே. புதன்கிழமையே உங்கள் அத்தை மகன் ரொபாட்டேயிடம் போயிருந்தேன். மாமாவிடம் அவனுக்குத்தான் பயம் கிடையாது. தாய்மாமன் வீட்டில் எதையும் கேட்காமல் எடுக்கலாம் என்ற அக்காள் மகன் உரிமையில் போன மாதம் மாமாவின் கறுப்புப் பன்றியையே சொல்லாமல் ஓட்டிக்கொண்டு போனவன் ஆயிற்றே. 'என்ன தங்கச்சி, பன்றிக்கே துணிஞ்சவன் பிள்ளைக்குப் பேச மாட்டேனா' என்றான்.

மண்டபம் நிறைந்துவிட்டது. மாமா மேல்பக்கம் உட்கார்ந்திருந்தார். நடுவில் யாங்கோனா கரைக்கிற கிண்ணம், அதிலிருந்து அவர் பக்கம் நீட்டிவிட்ட கயிறு. கீழ்ப்பக்கத்தில் சுமின்ட்ரா தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கடைசியில், பெண்களுக்கு நடுவே. நெமானியை வீட்டில் விட்டுவர யாரும் இல்லை, அவனும் என்னோடு வந்திருந்தான்.

ரொபாட்டே முறையாகத்தான் ஆரம்பித்தான். கை தட்டி, குலத்தின் பெயர் சொல்லி, இந்தப் பெண் அறிந்து அவமதிக்கவில்லை, பிள்ளையின் வலி பொறுக்காமல் கை நீட்டிவிட்டாள் என்றான். வேர்க்கட்டை மாமா முன்னால் வைத்தான். மாமா அதைப் பார்க்கவே இல்லை. 'மாமா, உங்க பன்றிய ஓட்டிட்டுப் போனப்பகூட இப்படி முறைக்கலையே' என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாமாவின் உதடும் லேசாக அசைந்தது. கை மட்டும் அசையவில்லை. ரொபாட்டே கட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அந்த நேரம் பார்த்து, வெளியே அடுக்கியிருந்த கூரைத் தகரங்கள் காற்றில் சரிந்து விழுந்தன. இடி விழுந்த மாதிரி சத்தம். நெமானி என் மடியிலிருந்து துள்ளி எழுந்து ஓடினான். நேராக சுமின்ட்ராவிடம் போய் அவள் கைகளை வெளியே இழுத்தான். பாவி மகள் கொடுக்கவில்லை. கொடுத்தால் அதோடு எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். கண்ணீர் கொட்டுகிறது, கையை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள். அவன் தரையில் நெற்றியை மோதினான். நான் எழுந்தேன், வாசிதி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். இத்தனை ஆண்களுக்கு நடுவில் நான் போகக் கூடாதாம்.

அதற்குள் அவன் எழுந்துவிட்டான். சுற்றுமுற்றும் பார்த்தான். கிண்ணத்துக்குப் பக்கமாகப் போய் அந்தக் கயிற்றைத் தாண்டினான். பெரிய ஆண்களே தாண்டாத கயிறு! எங்கோ ஒரு கிழவர் ஐயோ என்றார். நெமானி மாமா முன்னால் போய் நின்று, அவருடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

என்னிடமும் சுமின்ட்ராவிடமும் தவிர அவன் வேறு யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அதுவரை.

மாமா முட்டையைத் தொடுவது போலத் தொட்டார். அது அவனுக்குப் போதவில்லை. தன் கைகளை அவர் கைகள்மேல் வைத்து அழுத்திக் காட்டினான். அவர் அழுத்தினார். கத்தல் குறைந்து குறைந்து முனகலாகி, அதுவும் நின்றது. நெற்றியில் ரத்தம் கசிந்து அவர் விரலில் பட்டது. அவர் கையை எடுக்கவில்லை.

ரொபாட்டே மெதுவாகக் கேட்டான்: 'மாமா, வேரை எடுத்துக்குவீங்களா, திருப்பிக் கொண்டு போகவா?'

மாமாவுக்கு வந்ததே கோபம். 'கை ஒழியலன்னு தெரியல? கண்ணு அவிஞ்சு போச்சா? எடுத்து என் மடியில வைடா' என்றார்.

ரொபாட்டே வைத்தான். எல்லோரும் கை தட்டினார்கள், முறைப்படி. நான் தட்டினேனா என்று நினைவில்லை.

இனிமேல் பெயருடைய தலையைத் தான் மட்டும்தான் தொடுவது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அதற்காக வியாழக்கிழமைதோறும் மண்டபத்தில் வந்து உட்காரப் போகிறாராம். காதுக்கு மேலே இன்னும் கொஞ்சம் அழுத்தலாம் என்று சுமின்ட்ரா பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவரும் பாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வாசிதி எனக்கு அவித்த சேப்பங்கிழங்கும் மீனும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவளிடமிருந்து அதுவே பெரிய விஷயம்.

ஆனால் மாமாவுக்கு இருமல் குறையவில்லை. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. வியாழக்கிழமைகள் எல்லாவற்றுக்கும் அவர் இருப்பார் என்று நான் எப்படி நம்புவது?

இன்னொன்று. நேற்று ரொபாட்டே வாய் தவறி உளறிவிட்டான். முகாமில் இன்னும் ஒரு வருஷம் இருக்க நீங்களாகவே பெயர் கொடுக்கப் போவதாக. ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் கிளம்பின அன்று படகுத்துறையில் அவனைத் தூக்கப் போனீர்கள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உங்களை உதைத்துவிட்டு ஓடினான். ஊரே பார்த்தது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவனை போனில் கொடு என்று நீங்கள் சொன்னதில்லை.

உங்களை வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அப்போது அவனுக்குக் கேட்கத் தெரியாது, அவ்வளவுதான். இப்போது தெரியும்.

ஆண்டவர் உங்கள் கைகளை எல்லாக் கெடுதியிலிருந்தும் காக்கட்டும். பெயர் கொடுக்காமல் வாருங்கள். வந்ததும் அவனைத் தூக்க வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா அவன் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை நாளானாலும்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்
ரேயாபி