ஊருக்குப் போகாத அன்னபாக்கியம்

கொழும்பு,
1939 ஆவணி.

மதிப்புக்குரிய சரோஜினிதேவி அம்மையார் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனியும் இருந்தால் ஒரு பெண்ணின் உயிர் போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் மாதர் சங்கம் கொச்சிக்கடையில் நடத்தும் தாய் சேய் நிலையத்தைப் பற்றியது இது. துறைமுகத்தில் வேலைசெய்யும் இந்தியக் கூலிகளின் பெண்சாதிமாரையும் பிறந்த குழந்தைகளையும் கவனிப்பதற்காகத்தான் நிலையம் தொடங்கப்பட்டது. சென்ற கூட்டத்தில் டாக்டர் நமசிவாயம் அறிக்கை வாசிக்க, நோயாளித் தாய்மார் மிகக் குறைவு என்று நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். குறையாமல் என்ன செய்யும்? பிள்ளை பிறந்து இரண்டு கிழமைக்குள் தாய் பிள்ளையோடு நிலையத்துக்கு வராவிட்டால், ஊருக்குப் போய்விட்டாள் என்று இடாப்பில் எழுதிப் பெயரை வெட்டும்படி நிலையத்தில் வேலைசெய்யும் எங்களுக்குச் சொன்னவர் அவர். வெட்டிய வீட்டுக்குத் தாதி போவதில்லை. இந்தியர்களைத் திருப்பியனுப்பும் பேச்சு எங்கும் அடிபடுகிற இந்த நேரத்தில், யார் இதைக் கேட்கப்போகிறார்கள்?

அந்தப் பெண்கள் எங்கும் போகவில்லை. தீட்டுக் கழியாமல் வெளியே வர அவர்களுக்கு வழக்கமில்லை. இதை டாக்டருக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, அவரும் யாழ்ப்பாணத்தார்தான். வெள்ளவத்தையில் உங்கள் மகளும் பிள்ளை பெற்று முப்பத்தொன்றாம் நாள் கழியும்வரை வாசற்படி தாண்டவில்லை. நிலையத்துத் தாதி றேமண்ட் நோனாதான் தினமும் உங்கள் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்தார். அது சரியான காரியம். அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் அன்னபாக்கியத்தின் பெயரை வெட்டிவிட்டார்கள். நிலக்கரி சுமக்கும் வீரபத்திரனின் பெண்சாதி. தலைப்பிள்ளை. பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சல் இன்னும் விடவில்லை. மார்பு கட்டிக் கல்லாகிவிட்டது. குழந்தைக்குச் சீனித்தண்ணீர் கொடுக்கிறார்கள்.

திங்கட்கிழமை வீரபத்திரன் நிலையத்து வாசலில் வந்து நின்று, "அவ ஊருக்குப் போகலைங்க சாமி, உள்ளதான் படுத்திருக்கா, நோனாவைக் கொஞ்சம் அனுப்புங்க" என்று கெஞ்சினான். டாக்டர் தலையை நிமிர்த்தாமல், "உன்ர பெண்சாதி ஊருக்குப் போட்டாள் எண்டு இஞ்ச எழுதியிருக்கு. கப்பலால இறங்கினாப் பிறகு கூட்டிக்கொண்டு வா, பாப்பம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீரபத்திரனும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பின்னால் ஓடிப்போய், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அங்கே பெயர் கொடுத்தால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பயப்படுகிறான். றேமண்ட் நோனாவிடம் கேட்டேன். "வெட்டின வீட்டுக்குப் போனா என்ட வேலையைத்தான் முதல்ல வெட்டுவாங்க, மிஸ்டர். சரோஜினி நோனா சொல்லட்டும், இப்பவே பையைத் தூக்குறன்" என்றார்.

ஆகவே கேட்கிறேன். டாக்டரைக் கூப்பிட்டு விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இது கையில் கிடைத்தவுடன் முதலில் நோனாவை அனுப்புங்கள். அந்தோனியார் கோயிலுக்குப் பின்னால் கரிக்கூலிகளின் லயத்து வரிசை வீடுகள் இருக்கின்றன. பிள்ளை பிறந்த வீடென்று வேப்பிலை செருகிய கதவு அங்கே ஒன்றுதான். இலை காய்ந்திருக்கும், வேறு அடையாளம் தேவையில்லை.

உங்கள் பேரப்பிள்ளை நீண்ட ஆயுளோடு வாழட்டும். மனதாரச் சொல்கிறேன். அந்த லயத்துப் பிள்ளைக்கும் இதே வாழ்த்தைச் சொல்ல எனக்கு இடம் கொடுங்கள்.

கடைசியில் என் பெயரை எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதினால் நீங்கள் டாக்டரிடம் இவன் யார் என்று கேட்பீர்கள். உயர்வு கிடைக்காத எரிச்சலில் எழுதுகிறான் என்பார். அது பொய்யுமல்ல, அவர் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதுமில்லை. ஆனால் அதன்பிறகு அன்னபாக்கியத்தின் காய்ச்சலும் என் எரிச்சலாகிவிடும், நீங்கள் சொல்லமாட்டீர்கள், நோனாவும் பையைத் தூக்கமாட்டார்.

அதனால் பெயரில்லாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.