மூன்றாவது குதிப்பு

அன்புள்ள மகனுக்கு,

ஐந்து வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பேத்தி என்னிடம் "தாத்தா, நான் பந்தை விட்டுட்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் நீ அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "அப்பா, அது பேஸ்பால், உங்களுக்குப் புரியாது, விட்டுடுங்க" என்றாய். இது தவறு. நலம் விசாரிப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன், நான் மறந்துபோனதாக நீ நினைத்துக்கொள்ளக் கூடாது. இனி முறைப்படி. நானும் உன் அம்மாவும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி முன்பைவிடத் தேவலை, காரணம் கீழே வருகிறது. நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அன்றிலிருந்து நாலு ஞாயிறு போய்விட்டது, குழந்தை போனுக்கு வருவதில்லை. கேட்டால் குளிக்கிறாள் என்கிறாய். ஒன்பது வயதுக் குழந்தை நாலு ஞாயிறும் சரியாக அதே நேரத்துக்கா குளிக்கும்?

எனக்குப் புரியாது என்று சொன்னாய் அல்லவா, மறுநாள் காலையிலேயே ஜெராக்ஸ் கடைக்குப் போய் அந்த விளையாட்டின் விதிப்புத்தகம் முழுவதையும் அச்செடுத்து வந்துவிட்டேன். கடைக்காரர் ஏதாவது வழக்கா சார் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினம் எட்டுப் பக்கம். எடைக்கல் முத்திரைச் சட்டத்தையே யாரும் சொல்லித்தராமல் படித்துத் தேறியவன் நான், இது எம்மாத்திரம் என்று நினைத்தேன். முதல் நாளே முட்டுக்கட்டை. எறிகிற பந்து சரியான பந்தா இல்லையா என்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறதாம், கண்ணுக்குத் தெரியாத கட்டம். மட்டைக்காரனின் முழங்காலுக்குக் கீழே ஆரம்பித்து நெஞ்சு வரைக்கும். அப்படியானால் நெட்டையனுக்குப் பெரிய கட்டம், குட்டையனுக்குச் சின்னக் கட்டம். ஆளுக்கு ஆள் நீண்டு குறுகும் அளவுகோலை முப்பத்தொரு வருஷ சர்வீசில் எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை, பார்த்திருந்தால் அங்கேயே பறிமுதல் செய்திருப்பேன். அந்தக் கட்டத்துக்கு முத்திரை குத்துவது யார் என்று பார்த்தால், பின்னால் குனிந்து நிற்கும் நடுவர் கண்ணால் பார்த்துச் சொல்வாராம். கண்ணால்! இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை.

பிறகு உன் அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து டேப்பால் அளந்து சாக்பீசில் கட்டம் போட்டேன். பாலைக் கொதிக்கவைத்துவிட்டு வந்து நிற்கிறேன், சீக்கிரம் அளந்து முடியுங்கள் என்றாள். மொட்டை மாடியில் மூன்று கால்மிதியடியை மூன்று மூலையில் போட்டு, நாலாவதாக அவளுடைய முறத்தை வைத்தேன், அதுதான் புறப்படும் இடம், வந்து சேரும் இடமும் அதுவே. எதிர்வீட்டு முடிதிருத்துபவர் செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் மட்டை பிடிக்க வந்தார். அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும், விதி அப்படி. ஆனால் அவர் கிரிக்கெட்டில் ஊறியவர், எத்தனை சொல்லியும் மட்டையோடேயே ஓடி, துணிக்கொடியை அறுத்து, என் வேட்டியைப் போர்த்திக்கொண்டு இரண்டாம் மிதியடியில் போய் நின்றார். எறிபவன் அசந்திருக்கும்போது ஒரு மிதியடியிலிருந்து அடுத்ததற்குத் திருட்டுத்தனமாக ஓடலாம், அதற்குப் பெயரே திருட்டு, பிடிபடாவிட்டால் பாராட்டும் உண்டு என்று நான் விளக்கியதும் மனுஷனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இத முதல்லயே சொல்லக்கூடாதா சார், நான் நியாயமா ஓடிட்டு இருக்கேன்" என்றார். உன் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? உங்க ஆபீஸ் டூர் மாதிரில்ல இருக்கு" என்றாள். சொன்னதோடு நிற்காமல் மறுவாரம் அவளே இறங்கி ஓடினாள். கால்வலி குறைந்த காரணம் அதுதான். நான் பந்து பிடித்தேன். பதினேழு வந்தன, பதினேழையும் விட்டேன், ஒன்று மூக்கில் பட்டது. வீக்கம் வடிந்துவிட்டது, கவலைப்படாதே.

இனி முக்கியமான விஷயம். மருமகளிடம் கேட்டு அந்த ஆட்டத்தின் வீடியோவை அனுப்பச் சொன்னேன். அவளைக் கோபிக்காதே, உன்னிடம் கேட்டால் தரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். குழந்தை இரண்டாம் மூலைக்குப் பக்கத்தில் முழங்காலில் கை வைத்துக் குனிந்து நிற்கிறாள். பந்து உருண்டு குதித்து வருகிறது, அவள் தோளில் பட்டுக் காலடியில் விழுகிறது, எதிரணிப் பையன் ஓடி முடிக்கிறான், ஆட்டம் போகிறது. ஸ்கோர் பலகையில் பிழை என்று ஊரே பார்க்க விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். நாற்பத்து மூன்று முறை பார்த்தேன். டி.வி.யில் போட்டு நிறுத்தி நிறுத்தி, திரைமேல் டேப் பிடித்து அளந்தேன். முதல் குதிப்பு அவள் இடுப்பளவு, இரண்டாவது முழங்காலளவு, மூன்றாவது தாடையளவு. எந்தப் பந்தும் போகப்போகத் தாழக் குதிக்குமே தவிர உயரக் குதிக்காது. தரையில் கல்லோ பள்ளமோ இருந்தாக வேண்டும். அப்படித் தரை ஏமாற்றினால் பிடிக்க வந்தவர்மேல் பிழை எழுதக் கூடாது என்று விதி இருக்கிறது. குழந்தை பெயரில் தப்பு எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் நான் பாதியை மறைத்து எழுதுகிறவன் இல்லை. பந்து காலடியில் கிடக்கிறது, எடுத்து எறிய நேரம் இருக்கிறது, அவள் எடுக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறாள். இதற்கு என்ன எழுதுவது என்று விதிப்புத்தகத்தை மூன்று நாள் புரட்டினேன், கிடைத்தது. மனம் தடுமாறியதைப் பிழையாக எழுதக் கூடாதாம். கை தவறினால் எழுதலாம், மனம் தவறினால் எழுதக் கூடாது. கண்ணால் அளக்கிற ஆட்டம் என்று இளக்காரமாக இருந்தவன், அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அவன் உங்களுக்குப் புரியாதுன்னு போனைப் பிடுங்கல. நீங்க அவகிட்ட என்ன சொல்வீங்கன்னு தெரிஞ்சு பிடுங்கினான்" என்றாள். அதோடு விடாமல், பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் கடைசித் தாளைத் திருப்பாமல் நீ எழுந்து வந்ததை நான் பதினொரு வருஷம் சொல்லிக் காட்டினேன் என்றாள். என் எண்ணிக்கைப்படி ஒன்பதுதான். இருந்தாலும் நீ போனைப் பிடுங்கியது தவறுதான், அதில் மாற்றம் இல்லை.

ஆகவே ஆகவேண்டியவை. அன்று ஆட்டக் குறிப்பு எழுதி அந்தப் பிழையைப் பதிந்தவர் உங்கள் ஊர்ப் பல் வைத்தியர் என்று மருமகள் சொன்னாள். இத்துடன் உள்ள மனுவை, அளவுப் படத்தோடு, அவரிடம் நேரில் கொடுக்க வேண்டியது நீ. சிரித்துக்கொண்டே கொடுக்காதே. அந்தப் பதிவைத் திருத்த வேண்டியது அவர். மூன்றாவது குதிப்பு நடந்த இடத்தில் தரையைத் தடவிப் பார்த்துக் கல்லை எடுத்துப் போட வேண்டியது மருமகள், அவளுக்குத்தான் பொறுமை உண்டு. வருகிற ஞாயிறு போனைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே போக வேண்டியது நீ. பேச வேண்டியது அவள், பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் வாய் திறக்காமல் கேட்க வேண்டியது நான், கண்காணிக்க உன் அம்மா பக்கத்தில் இருப்பாள். நான் விட்ட பதினேழு பந்தைப் பற்றிக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது நீ. மூவரும் தீர்க்காயுசாக, ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள். மழைக்கு முன் கூரையைப் பார்க்க மறக்காதே. கணக்குத் தாள் விஷயத்தை உன் பெயரிலிருந்து அடிக்க வேண்டியது நான். அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு)