அன்று நீ வாசித்தது

ராசல்கைமா, மலைப்பக்கம்
12.2.2006

அன்பு மச்சான் முத்துராமனுக்கு, பன்னீர்செல்வம் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். உன் சுகமும் உன் தங்கை சரோஜாவின் சுகமும் அறிய ஆவல்.

முதலில் கையெழுத்தைப் பார். இது மீராசா எழுதியது இல்லை. ஒன்பது வருடம் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தானே, அதே மீராசாதான் ஷார்ஜா கேம்ப்பில் வெள்ளிக்கிழமைதோறும் என்னை உட்காரவைத்து எழுத்துப் பழக்கினான். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு 'ழ' போட வந்துவிட்டது. ஊறுகாய் பாட்டில், பழைய பேப்பர், எதையும் வாசிக்காமல் விடுவதில்லை. தைல டப்பாவில் 'வெளி உபயோகத்திற்கு மட்டும்' என்று போட்டிருக்கிறான். இத்தனை வருடம் தொண்டை வலிக்கு அதைத்தான் நாக்கில் தடவிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்துக்கு ஐந்து நாள் ஆகிறது. நடுநடுவே ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன்.

ஆடு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். ஷார்ஜா பட்டறையை மூடிவிட்டார்கள். எனக்கு விசா கொடுத்த கஃபீல், தன் அப்பாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள என்னை இந்த மலைக்கு அனுப்பிவிட்டார். பேரீச்சை மரங்கள், நாற்பது ஆடு, ஒரு பம்ப்செட், சுற்றிலும் மொட்டைப் பாறை. கிழவர் பெயர் சயீத். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பேச்சுத் துணைக்கு, ரோட்டோரம் மளிகைக் கடை வைத்திருக்கும் மலையாளி முகம்மது சித்தீக் ஒருவர்தான்.

இங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறது மச்சான். நம் ஊரில் காலண்டர் மாட்டும் இடத்தில் இவர்கள் அதை மாட்டுகிறார்கள். கல்யாணம் என்றால் வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள். நான் வந்த இரண்டாம் நாளே பக்கத்துத் தோட்டத்தில் சுட்டார்கள். தீவனத் தொட்டிக்குப் பின்னால் குப்புறப் படுத்துவிட்டேன். ஆடுகள் நின்றபடி அசைபோட்டுக்கொண்டிருந்தன. சயீத் வந்து பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். உள்ளே கூப்பிட்டுச் சின்னக் கிண்ணத்தில் காப்பி கொடுத்தார். குடித்து முடித்தால் மறுபடி ஊற்றுகிறார். ஏழு கிண்ணம் ஊற்றிவிட்டார். என்னை எதற்கோ சம்மதிக்க வைக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டுமாம். சித்தீக் பிறகு சொன்னார்.

துப்பாக்கி என்றால் எனக்கு என்ன ஞாபகம் வரும் என்று உனக்குத் தெரியும். தொண்ணூற்று நான்கில், நம் இரண்டு பேர் நிலத்துக்கும் நடு வரப்பில் இருந்த வைக்கோல் போரிலிருந்து போலீஸ்காரர்கள் நாட்டுத் துப்பாக்கியை எடுத்தார்கள். ஸ்டேஷனில் ஒரு தாளை நீட்டினார்கள். 'துப்பாக்கி உங்களுது இல்லைன்னு எழுதியிருக்குது மாப்பிள்ளை, ரேகை வையுங்க' என்று வாசித்துச் சொன்னது நீ. என்னுடையதுதான் என்று நானே ஒப்புக்கொண்டதாக அதில் இருந்தது என்று கோர்ட்டில்தான் தெரிந்தது. வழக்கு நிற்காமல் போவதற்குள் பதினொரு மாதம் உள்ளே இருந்தேன். தாளை மாற்றிவிட்டார்கள் என்றாய். நம்பினேன்.

நான் ரேகை வைத்த தாளின் ஓரத்தில் டீ கறை இருந்தது. கோர்ட்டில் காட்டிய தாளிலும் அதே கறை. எழுத்துத் தெரியாதவன் கறையைப் பற்றிச் சொன்னால் யார் கேட்பார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது எனக்கு எழுத்துத் தெரியும். அதனால் கேட்கிறேன். அன்று நீ வாசித்தது என்ன?

அன்பு மாறாத
பன்னீர்செல்வம்


மல்லம்பட்டி
3.3.2006

மாப்பிள்ளை அவர்களுக்கு முத்துராமன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்துச் சரோஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. 'அவரு கையா இது? கோழி கிளறுன மாதிரி இருக்குது' என்று சொல்லிவிட்டு, அந்தக் கோழிக் கிளறலையே தடவித் தடவிப் பார்த்தாள். தைலக் கதைக்குச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது. கடிதத்தைக் கேட்டாள். கசங்கிவிடும் என்று நானே வாங்கி வைத்திருக்கிறேன்.

வைக்கோல் போர் விஷயத்தை மட்டும் வாசிக்கவில்லை. பழசை எதற்குக் கிளற வேண்டும்? தாளை மாற்றினார்கள் என்று அன்றே சொன்னேன். இன்றும் அதுதான். ஸ்டேஷனில் டீ கறை இல்லாத தாள் எங்கே இருக்கிறது?

அங்கே யார் துப்பாக்கியையும் தொடாதீர்கள். யாராவது பிடி என்றால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இங்கே மழை இல்லை. உங்கள் நிலத்தில் இந்த முறை எள் விதைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
முத்துராமன்


ராசல்கைமா
2.4.2006

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. யார் உதவியும் இல்லாமல், பேரீச்சை மரத்தடியில் உட்கார்ந்து நானே வாசித்தேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வாசித்து முடித்தபோது வேறொன்று தோன்றியது. இத்தனை வருடமும் என் கடிதங்களைச் சரோஜாவுக்கு வாசித்தது நீதான். இன்னும் எந்தெந்த வரிகளை விட்டாய்? அவள் கேட்ட கடிதத்தை அவளிடம் ஏன் கொடுக்கவில்லை?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சயீத்தின் பேரனுக்குக் கல்யாணம் நடந்தது. ஆண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஆடினார்கள். இளவட்டங்கள் துப்பாக்கியைச் சுழற்றி மேலே எறிந்து பிடித்தார்கள். சயீத் என் கையில் தன் தடியைக் கொடுத்து வரிசையில் நிற்க வைத்தார். தலையில் சின்னக் கோடாரி வைத்த தடி அது. நானும் முன்னும் பின்னும் அசைந்தேன். சுட்டபோது தோள் மட்டும்தான் தூக்கிப்போட்டது, படுக்கவில்லை. 'பன்னீரேட்டா, இப்போ நீங்க பாதி மலைக்காரன் ஆயாச்சு' என்றார் சித்தீக்.

அடுத்த வாரம் சயீத்துக்குக் கண் ஆபரேஷன் என்றார்கள். வீட்டோடு எல்லோரும் பத்து நாள் ஷார்ஜாவில் மகன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். காலி வீட்டில் துப்பாக்கியை விடக்கூடாதாம். என் அறைக்கு எடுத்துவந்து, 'பன்னீர், தும் ரக்கோ. மாஃபி முஷ்கில்' என்றார். நீ வைத்திரு, ஒரு தொல்லையும் இல்லை என்று அர்த்தம்.

நாளைக்கு யாராவது வந்து கேட்டால் துப்பாக்கி யார் அறையில் இருக்கிறது? என் அறையில். கிழவர் சிரித்ததும், காப்பி ஊற்றியதும், வரிசையில் நிற்க வைத்ததும் இதற்குத்தானோ என்று புத்தி போயிற்று எனக்கு. ஒரு தாளை எடுத்துத் தமிழில் எழுதினேன். 'இந்தத் துப்பாக்கி சயீத் ஆகிய என்னுடையது. பன்னீர்செல்வம் வேண்டாம் என்று சொல்லியும் நான்தான் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். எது நடந்தாலும் நானே பொறுப்பு.' அவருக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. கண்ணும் தெரியவில்லை. கட்டைவிரலில் பேனா மையைத் தேய்த்தேன். இது என்ன என்று கேட்டார். 'குச் நஹி பாபா, ஆப்கா நாம்' என்றேன். ஒன்றுமில்லை, உங்கள் பெயர்தான் என்று சொன்னேன். விரல் தாளை விட்டு வெளியே போனது. நான்தான் பிடித்து நடுவில் வைத்து அழுத்தினேன்.

அவர் கிளம்பிப் போன பிறகு அந்த ரேகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு சுலபமாக இருந்தது மச்சான். என் நாக்குக் குழறவில்லை. அவர் மறுகேள்வியும் கேட்கவில்லை. உனக்கும் அன்று இப்படித்தான் இருந்ததா?

பன்னீர்செல்வம்


ராசல்கைமா
10.6.2006

மச்சானுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. தபால் தொலைந்தது என்று சொல்லாதே. அதே வாரம் மீராசாவுக்குப் போட்ட கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சயீத் கண் சரியாகித் திரும்பி வந்துவிட்டார். துப்பாக்கி பழையபடி சுவருக்குப் போய்விட்டது. சித்தீக்கைக் கூட்டிவந்து, தாளில் உள்ளதை ஒரு வரி விடாமல் அரபியில் சொல்லவைத்தேன். அன்று முழுதும் கிழவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காப்பி ஊற்றிவிட்டுக் கேட்டார்: 'சொல்லியிருந்தாலும் ரேகை வைத்திருப்பேன். பொய் எதற்குச் சொன்னாய்?' அவர் முன்னாலேயே தாளைக் கிழித்தேன். அதற்குப் பிறகும் பேசுகிறார், ஆனால் பழைய மாதிரி சிரிப்பதில்லை.

நான் சொல்லிவிட்டேன். நீ சொல்.

பன்னீர்செல்வம்


மல்லம்பட்டி
1.7.2006

மாப்பிள்ளைக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை எழுதிய கையோடு தபாலில் போட்டுவிடப் போகிறேன்.

தாளை யாரும் மாற்றவில்லை. அந்தத் துப்பாக்கி என்னுடையது. காட்டுப்பன்றிக்காக வைத்திருந்தேன். உங்களைக் கூப்பிடுவதற்கு முன்பே என்னைப் பின் அறையில் வைத்து அடித்தார்கள். 'வரப்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு. ஒருத்தன் பேரு வேணும். நீயே சொல்லு' என்றார்கள். உங்கள் பெயரைச் சொன்னேன். தாளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் வேறு மாதிரி வாசித்தேன்.

இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்தப் பதினொரு மாதமும் என் நிலத்துக்கு முன்னால் உங்கள் நிலத்தைத்தான் உழுதேன். சரோஜாவை ஒரு வேளை பட்டினி போட்டதில்லை. அதோடு சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சரோஜாவிடம் சொல்லாதீர்கள். அவளை விட்டால் எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை.

முத்துராமன்


ராசல்கைமா
20.7.2006

மச்சானுக்கு,

உன் கடிதத்தை நானே வாசித்தேன். இதை இன்னொருவன் வாசித்துச் சொல்ல, எதிரில் உட்கார்ந்து கேட்கும்படி ஆகவில்லையே என்று முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு பம்ப்செட்டைப் போட மறந்து உட்கார்ந்திருந்தேன். ஆடுகள் வந்து முட்டிய பிறகுதான் எழுந்தேன்.

நீ அன்று உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் உனக்காக ரேகை வைத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. சயீத் சொன்ன மாதிரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடித்தார்கள் என்பதை நம்புகிறேன். மற்றதையும் நம்பத்தான் பார்க்கிறேன்.

சரோஜாவிடம் நான் சொல்ல மாட்டேன். நீ சொல்ல வேண்டும். நான் உள்ளே இருந்தபோது, 'எதுக்கு ஒத்துக்கிட்டீங்க' என்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவள் அவள். நான் துப்பாக்கி வைத்திருந்தேனோ என்று அவளுக்கு இன்றும் ஒரு சந்தேகம் இருக்கிறது. எனக்குத் தெரியும். உன் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அவளை உட்காரவைத்து இரண்டையும் வாசி. பிறகு இரண்டையும் அவள் கையில் கொடுத்துவிடு.

நீ வரி விட்டு வாசித்தால் எனக்குத் தெரியப்போவதில்லை. அது உனக்கும் தெரியும்.

பன்னீர்செல்வம்


மல்லம்பட்டி
14.8.2006

மாப்பிள்ளைக்கு,

வாசித்தேன். என் கடிதத்தை முதலில், உங்களுடையதைப் பிறகு. பின் அறை என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். சரோஜா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, 'மேல வாசி' என்றாள்.

முடித்ததும் இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன். செருப்பைக்கூடப் போடாமல், மூன்றாம் வீட்டு ஜெயபாரதி டீச்சரிடம் போய் மறுபடியும் வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அரை மணி நேரம் கழித்து வந்து வாசலிலேயே நின்றாள்.

'ரெண்டு பேரு வாசிச்சதும் ஒண்ணாத்தான் இருக்குது' என்றாள். உள்ளே வரவில்லை.

அது நடந்து ஆறு நாள் ஆகிறது. இன்று வந்து, உங்களுக்கு எழுதச் சொன்னாள். துப்பாக்கி விஷயத்தில் உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு என்று எழுதச் சொன்னாள். பொங்கலுக்கு லீவு கேட்டு வரச் சொன்னாள். இனி அவளுக்கு வரும் கடிதம் எதுவும் என் விலாசத்துக்கு வரக்கூடாது என்றாள். ஜெயபாரதி டீச்சர் வீடு, 3, மாரியம்மன் கோயில் தெரு என்று போட வேண்டும்.

இந்தக் கடிதத்தையும் என்னைத் தபாலில் போட விடமாட்டாளாம். டீச்சரிடம் கொடுத்து வாசிக்கக் கேட்ட பிறகு அவளே ஒட்டிப் போடுவாளாம். அதற்காக வாசலில் நிற்கிறாள். ஆகவே இத்துடன் முடிக்கிறேன்.

முத்துராமன்