பின்னறை இடையூறு

மார்ச் 3
நான் சட்ட வரைவாளன், வயது ஐம்பது. வீட்டு வைஃபை அடிக்கடி அறுபடுவதன் காரணத்தைக் கண்டறிந்து நீக்குவதே இக்குறிப்புகளின் நோக்கம். இன்று அலுவலகக் கூட்டத்தின் நடுவே என் முகம் வாய் திறந்தபடி திரையில் உறைந்தது. இளையவர்கள் சிரித்திருப்பார்கள்.

மார்ச் 4
இணைய நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர் தொலைபேசியில் சொன்னார்: "வேற ஏதோ கருவி குறுக்கிடுது சார். ஒண்ணொண்ணா அணைச்சுப் பாருங்க." மைக்ரோவேவ் அடுப்பு குற்றமற்றது.

மார்ச் 6
மிஞ்சியது, மாமனாரின் கட்டிலருகே மனைவி வைத்திருக்கும் பேச்சுக்கருவி. பக்கவாதத்தில் விழுந்தவர் கூப்பிட்டால், சமையலறையிலுள்ள அதன் ஜோடியில் கேட்கும்; ஜோடியின் பொத்தானை அழுத்திப் பேசினால் கட்டிலருகே கேட்கும். அந்த ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டே பழுதுபார்ப்பவரிடம் பேசினேன்: "இடையூறு பின்னறையிலதான் இருக்கு. ரொம்பப் பழசு, பாதி செத்துப்போச்சு. வெளியேத்திட்டா வீடு நிம்மதியாயிடும்."

"தூக்கிப் போடுங்க சார், எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

பேசி முடித்த பிறகே கண்டேன்: என் கட்டைவிரல் கருவியின் பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.

மார்ச் 7
மாமனார் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "மாப்பிள்ளை, என்னைச் சின்னவன் வீட்டுல விட்டுடுங்க."

மச்சினன் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அவன் மனைவிக்கு இவரைக் கண்டாலே ஆகாது. கருவியைத்தான் சொன்னேன் என்று ஒரு வாக்கியம் போதும்.

"உங்க இஷ்டம் மாமா" என்றேன். விளக்கம் கோரப்படவில்லை.

மார்ச் 9
மச்சினன் ஆள்களோடு வந்து மாமனாரை நாற்காலியோடு தூக்கிச் சென்றான். மனைவி அழுதாள். பேச்சுக்கருவியை அணைத்தேன்; இணைப்பு சீர்.

மார்ச் 12
மறுபடி அறுந்தது. பழுதுபார்ப்பவர் நேரில் வந்தார். "மேல்வீட்டு வைஃபையும் உங்களுதும் ஒரே சேனல்ல ஓடுது சார். அந்தக் கருவி பாவம், ஒண்ணும் பண்ணல." சேனலை மாற்றினார். கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

மார்ச் 20
மனைவி தம்பி வீட்டிலிருந்து திரும்பினாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தண்ணி கேக்கறதுக்கு முன்னாடி, 'இடையூறா இருக்குமா'ன்னு கேக்கறார்ங்க. அந்த வார்த்தையை நம்ம வீட்டுல பேசறது நீங்க ஒருத்தர்தான். அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல."

பிழையற்ற வாக்கியம். அப்புறம் எதுக்கு அதை மூணு தடவை அடிச்சு எழுதறேன்? — சரி, விடு.

மார்ச் 28
அவர் இப்போது தண்ணீரும் கேட்பதில்லையாம், மச்சினன் சொன்னான். பின்னறையைக் கழுவி மேசை போட்டாயிற்று. சிக்னல் அங்கேதான் முழுமையாகக் கிடைக்கிறது. நாளை முதல் கூட்டங்களுக்கு அங்கேயே அமர்வேன். மனைவி மறுபடி கேட்டால், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வேன்.