மாதா காலடியில் வைத்த செக்கு

1934 ஜனவரி 16

நாகர்கோவிலுக்குப் போய்ப் பாங்கில் என் பேரில் கணக்குத் தொடங்கிவிட்டேன். என் கருவாட்டை வாங்கும் கொழும்பு முதலாளி இனிமேல் செக்காகத்தான் தருவாராம். குமாஸ்தா நேசமணி, "புருஷன் சம்மதம் வேணுமே" என்றார். "அவரு கல்லறையில கிடக்காரு, போய்க் கேட்டுட்டு வாரும்" என்றேன். மனுஷன் தாளை நீட்டினார். சேர்த்து வைத்திருந்த முன்னூற்று எழுபது ரூபாயையும் கட்டினேன். செக்குப் புத்தகம் ஒன்று தந்தார்கள். எழுதிக் கிழித்துக் கொடுத்தால் பணமாம். சிரிப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 4

மகள் ஞானசெல்விக்கும் யூஜினுக்கும் நிச்சயம் முடிந்தது. சீதனம் முன்னூறையும் செக்கில் எழுதித் தாம்பாளத்தில் வைத்தேன். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்தார். தாலி ஏறும்வரை சீதனத்தைத் தொடுவது எங்கள் கரையில் வழக்கமில்லை. யூஜினின் தாய் வியாகுலம்மாள் அதை மாதா சுரூபத்தின் காலடியில் வைப்பதாகச் சொல்லி வாங்கிப் போனாள். தவசுக்காலம் கழிந்து ஈஸ்டர் வந்ததும் கல்யாணம். கரையில் செக்குச் சீதனம் கொடுத்த முதல் ஆள் நான். பெருமைதான்.

மார்ச் 8

பாங்குக்குப் போய் மாதம் ஒன்றுக்கு மேலாயிற்று. இன்று போனால் கதவில் பூட்டு. வெளியே ஒரே கூட்டம். நேசமணி படியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் எழுதின செக்கு?"

"பாங்கு திவாலாச்சு. இனி எதுவும் செல்லாதும்மா. எனக்க சம்பளமும் உள்ளதான் கிடக்கு."

எல்லாம் போச்சு. எனக்க மோளுக்க கல்யாணம்? மாதாவே, நான் என்ன செய்வேன்.

மார்ச் 9

பாங்கு பூட்டினால் செக்கு செல்லாது என்பது கரையில் யாருக்கும் தெரியாது. அந்தத் தாள் சுரூபத்தடியிலேயே கிடக்கட்டும். தாலி ஏறிவிட்டால் பிறகு வியாகுலம்மாள் என்ன செய்துவிடுவாள்? — இதை எழுதுவது நான்தானா?

மார்ச் 10

சொல்லவில்லை.

மார்ச் 11

பூசையில் வியாகுலம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு நான் நற்கருணை வாங்கவில்லை. ஏன் என்று செல்வி கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் 12

பாங்கு விஷயம் அவள் காதுக்கு எட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். வேறு எண்ணம் இல்லை. மீன் அறுத்துக்கொண்டிருந்தவள், "இரி" என்று பலகையைத் தள்ளினாள். அவ்வளவுதான், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மைனி, அந்தச் செக்கு செல்லாது. பாங்கு அடச்சாச்சு. எங்கிட்ட வேற பணமும் இல்ல."

அவள் நிமிரவே இல்லை. "செக்கு எங்க இருக்கு? தாள நம்பி ஒறங்க முடியுமா? மறுநாளே யூஜின விட்டு மாத்தியாச்சு. ரூவா பெட்டியில கிடக்கு."

பணம் பிழைத்ததற்கு அழுவதா, என்னை நம்பாததற்குச் சண்டை போடுவதா?

"பாங்கு பூட்டினது அண்ணைக்கே தெரியும்ட்டி. நீ வந்து சொல்லுவியா மாட்டியான்னு பாத்துட்டு இருந்தேன். சொல்லலைன்னா கல்யாணம் இல்லன்னு வச்சிருந்தேன்" என்றாள். மீனைக் கழுவ எழுந்து போனாள்.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 8

பூசையில் செல்வி கல்யாணத்தை அறிவிக்கும் முதல் ஓலையை வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் இல்லை. வியாகுலம்மாள் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். என்னைப் போல ஒரு நேர்மையான பெண்பிள்ளை கரையில் இல்லை என்று எல்லாரிடமும் சொல்கிறாளாம். அந்த நாலு நாளும் நான் நினைத்திருந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.