உப்பளப் பள்ளியின் மாற்றாசிரியை வரமாட்டார்

நலம் பெருகுக. கழிமுகக் கோட்டத்தின் தலைவி, அலை அறைந்தாலும் அசையாக் குடியில் வந்த பெருங்கோதை, மருதவரை நாட்டுப் பேரமைச்சர், அரசர்க்குக் கண்ணும் செவியுமான அழும்பனார்க்கு எழுதுவித்த ஓலை. தங்கள் நகரில் மழை தவறாதிருக்க; மழலை குறையாதிருக்க.

தங்கள் ஆணை கிடைத்தது. இளவரசரின் ஆசிரியர் கால் முறிந்து கிடப்பதால், உப்பளப் பள்ளியின் மாற்றாசிரியை முல்லைச்சாத்தியை மூன்று நாளில் அரண்மனைக்கு அனுப்புக என்றும், உப்பளத்துப் பிள்ளைகளுக்கு அன்றன்று ஓய்ந்திருப்பவர் எவராயினும் போதும் என்றும், முன்பு அப்படி நடந்தபோதுதானே தங்கள் மேற்பார்வையாளர் அப்பள்ளியை நாட்டிலேயே தலைசிறந்தது எனப் புகழ்ந்தார் என்றும் கண்டிருந்தது. பெருங்கோதைக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வந்தது சிரிப்பன்று.

நடந்ததைக் கேட்டருள்க. அப்பள்ளியின் ஆசிரியர் ஆதனார் சென்ற ஆண்டு மூட்டுவாதத்தில் படுத்தவர் இன்னும் எழவில்லை. யானைக்குத் தழை வெட்டுபவர் ஐந்து நாள், விடுதியில் பாய் விரிப்பவர் பத்து நாள் என்று ஓராண்டில் அவருக்குப் பதில் நாற்பத்தொரு பேர் போனார்கள். பிள்ளைகள் எதுவரை கற்றார்கள் என்று வந்தவர் எவருக்கும் தெரியாது. மணலைத் தடவி மட்டமாக்கி, அகரத்தில் தொடங்குவார். அடுத்தவர் வருவார், மறுபடி மணல், மறுபடி அகரம். உப்பு வாருபவர் மகள், ஆறு வயதுக் கொற்றி, நாற்பதாம் ஆளிடம், "ஐயா, ஆனா எழுதி எழுதி வெரலே தேஞ்சு போச்சு, அதுக்கப்புறம் வேற எழுத்தே கெடையாதா?" என்று விண்ணப்பித்தாள். அவர் தலையைச் சொறிந்தாராம்.

தங்கள் மேற்பார்வையாளர் வந்தது அடுத்த வாரம். முப்பது பிள்ளைகளும் முத்து முத்தாய் அகரம் எழுதினார்கள். ஏன் எழுதமாட்டார்கள்? அந்தச் செல்வங்கள் ஓராண்டாய் வேறொன்றும் எழுதியதில்லையே! அடுத்த எழுத்தான ஆகாரத்தை எழுதச் சொல்லியிருந்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும். கேளாமலே பல்லக்கேறிப் போனார்.

அதன் பின்னரே பெருங்கோதை, ஆதனார் எழும்வரை ஒருவரே என உறுதிசெய்து சாத்தியை அமர்த்தினார். நான்கு திங்களில் கொற்றி தன் பெயரை எழுதினாள். எவன் இடக்கையால் எழுதுவான், எவன் பசியோடு வருவான், எவள் விளங்காமலே தலையாட்டுவாள் என்பதெல்லாம் சாத்திக்குத் தெரியும். வந்த சுவடே தெரியாமல் போகிறவர் இதையெல்லாம் எந்நாளில் அறிவது?

ஆதலின் சாத்தி வரமாட்டார். மறுபடி கேட்டாலும் வரமாட்டார். படை விடுத்தால், உப்பள வரப்பு ஓராள் நடக்கும் அகலமே. ஒருவர்பின் ஒருவராக வரட்டும். முதலில் வருபவர் எதிரே பெருங்கோதை நிற்பார்.

ஆயினும் ஆணையை அறவே தள்ளினார் என்ற பழி வேண்டாம். இவ்வோலை கொணரும் கீரனார் படகுக்குப் பாய் தைப்பவர், தங்கமான மனிதர், இன்று அவருக்கு வேலை இல்லை. இளவரசர்க்கு அவரே ஆசிரியராகுக. ஐந்து நாள் கழித்து வேறொருவர் ஓய்வார், அவர் வருவார். அவருக்குப்பின் இன்னொருவர். உப்பளத்துப் பிள்ளைக்குப் போதுமென்று தாங்கள் விதித்தது கோமகனுக்கும் போதுமெனக் கொள்க.

இது பெருங்கோதையின் சொல். சொல்லுக்குச் சான்றாக நண்டு இலச்சினை இடப்பட்டது. கீரனார்க்கு நீராகாரம் கொடுத்து, இளவரசரை இன்றே அவர்முன் அமர்த்துக.