மோதிரம் இல்லாத விரல்

அன்புள்ள மகளுக்கு,

மாப்பிள்ளை சென்னையிலிருந்து எழுதிய கடிதமும் உன் படமும் கிடைத்தன. என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்லை உனக்கு ஏற்றினால், நான் கொடுத்த கிட்னியை உன் உடம்பு விரட்டாதாம். பிறகு மாத்திரைகூட வேண்டியிருக்காதாம். ஆனால் இன்னும் சோதனையாகத்தான் செய்து பார்க்கிறார்களாம். என்னை உடனே புறப்பட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

பக்கத்து வீட்டுச் செல்லாயி தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். "கிட்னிய குடுத்தீங்க, இப்ப எலும்பக் கேக்குறாங்க. அடுத்தாப்ல தலையக் கேப்பாங்க, பாத்துக்குங்கக்கா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்னி நன்றாக இருக்கிறதென்று எழுதும் மாப்பிள்ளை, இந்த அவசரம் எதற்கென்று எழுதவில்லை. நீயோ ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். ஆனாலும் என்னிடம் பொய் சொல்ல அவருக்கு இன்னும் படிப்பு வேண்டும்.

படத்தைப் பார்த்ததும், என்னோடு இருக்கும் உன் மகள் கேட்டாள்: "அம்மாயி, அம்மா ஏன் மோதிரம் போடல?"

முதன்முதலில் உன் கிட்னி கெட்டபோதும் விரல் வீங்கித்தான் மோதிரத்தைக் கழற்றினாய். "வேலைக்குத் தொந்தரவா இருக்கும்மா" என்றாய். அன்றைக்கு நம்பிவிட்டேன்.

பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டேன். பிள்ளையைச் செல்லாயி பார்த்துக்கொள்வாள். எலும்பில் எங்கே வேண்டுமானாலும் குத்தி எடுக்கட்டும், தருகிறேன்.

நான் வந்து நிற்கும்போது நீ மட்டும் கையை முந்தானைக்குள் மறைக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
பொகவந்தலாவை, இலங்கை.